மாரி ஓய்ந்த பிறகு: வேலியில் இலை பறிப்பதும் வளவில் பாத்தி போடுவதும்

யாழ்ப்பாணத்தில் துளிர்க்காலம் சித்திரையில் வருவதில்லை. சித்திரையில் மண் வெடித்துக் கிடக்கும். ஏப்ரல் நடுவில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும், கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விடும். மண் குளிர்ந்து, கிணறு நிறைந்து, வேலியெல்லாம் கொடி ஏறிக் கிடப்பது அதற்கு முன்னால். ஒக்டோபரில் தொடங்கும் மாரி டிசெம்பரோடு ஓயும். சில வருடங்களில் ஜனவரி முதல் கிழமை வரை இழுக்கும். தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்கிப் பங்குனித் திங்கள் வரை வருகிற பத்துப் பன்னிரண்டு கிழமைகள்தான் எங்களுக்கு வசந்தம். இந்த வழிகாட்டி அந்தக் காலத்துக்கானது. என்ன இலை தானாக முளைக்கிறது, எதைப் பறிக்கலாம், எதைத் தொடக்கூடாது, அதே நாட்களில் வீட்டு வளவில் என்ன நடலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

பறிப்பதையும் நடுவதையும் ஒன்றாக எழுதக் காரணம் வேலி. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக (உயிர்வேலித் தடியாக) நின்று, நடுவே பனையோலை வரிந்து, அதன் மேல் குறிஞ்சாவும் முசுட்டையும் கொவ்வையும் படர்ந்த வேலி வளவுக்கு வளவு இருந்த காலத்தில் இலைக்கறி தேடி ஒருவரும் தூரம் போகவில்லை. ஆட்டுக்குக் குழை, தோட்டத்து மண்ணில் உரமாகத் தாழ்க்கக் குழை, மத்தியானச் சோற்றுக்கு ஒரு வறை எல்லாம் அந்த வேலியிலிருந்தே வந்தன. இப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை மதில் எழும்பிவிட்டது. மதிலில் கொடி படர்ந்தால் பெயின்ற் பழுதாகிவிடும் என்று வெட்டி எறிகிறார்கள். ஆகவே இலை தேடிப் போகிறவர் பறித்துக்கொண்டு வந்தால் மட்டும் காணாது. ஒரு தண்டையோ நாலு விதையையோ கொண்டுவந்து தன் வளவில் ஊன்றவும் வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இதை மனதில் வைத்திருங்கள்.

நான் இலை படித்தது 1995 இல். அந்த ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாங்கள் மட்டுவிலில் ஒரு வீட்டில் ஒதுங்கினோம். சாமான் விலை நெருப்பாக இருந்த நாட்கள் அவை. அந்த வீட்டு ஆச்சி காலையில் ஒரு சின்னக் கடகத்தைத் தந்து எங்களை வேலி வேலியாக அனுப்புவார். "ஒரு கிழமைக்கு ஒரு இலைதான் படிக்க வேணும் ராசா. ரெண்டு இலையை ஒண்டாப் படிச்சா ரெண்டும் குழம்பிப் போகும்" என்பார். அந்த முதல் கிழமை முழுக்கக் குறிஞ்சாவைத் தவிர வேறெதையும் தொட விடவில்லை. இன்றைக்கும் நான் ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது கிழமைக்கு ஒரு இலை என்ற அந்த ஒழுங்கைத்தான் பிடிக்கிறேன்.

முதல் படி: சந்தையில் படிப்பது

காட்டுக்குப் போகுமுன் சந்தைக்குப் போங்கள். திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம், சாவகச்சேரி என்று எந்தச் சந்தையிலும் காலையில் இலைக்கறிப் பிடிகளை உரப்பையில் பரப்பி வைத்துக்கொண்டு வயதான பெண்கள் இருப்பார்கள். வல்லாரை, பொன்னாங்காணி, குறிஞ்சா, தூதுவளை, சில நாட்களில் முசுட்டையும் கிடைக்கும். ஒரு பிடி வாங்குங்கள். எங்கே பறித்தது, எப்படிச் சமைப்பது என்று கேளுங்கள். விற்கிறவருக்கு அதைச் சொல்வதில் சந்தோசம்தான்.

வீட்டுக்கு வந்து ஒரு தண்டை மட்டும் எடுத்து வெள்ளைக் கடதாசியில் வையுங்கள். இலை ஒன்றுக்கொன்று எதிராக நிற்கிறதா, மாறி மாறி நிற்கிறதா? அடிப்பக்கம் மயிராக இருக்கிறதா? தண்டை ஒடித்தால் பால் வருகிறதா? கசக்கினால் என்ன மணம்? இவற்றை எழுதி, இலையைப் பழைய கொப்பிக்குள் வைத்து அமத்திக் காய விடுங்கள். கையில் காய்ந்த இலை இருந்தால் வேலியில் நிற்கும் கொடியை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொலைபேசியில் இருக்கும் படத்தை நம்பி ஒரு இலையையும் வாயில் வைக்க வேண்டாம். படத்தில் மயிரும் தெரியாது, பாலும் தெரியாது.

இரண்டாம் படி: எங்கே பறிப்பது, எங்கே கூடாது

மிகப் பாதுகாப்பான இடம் உங்கள் வளவு. அடுத்தது அயலவர் வளவு, கேட்டுவிட்டு. பாவனை இல்லாத காணியென்றாலும் அதற்கு ஒரு சொந்தக்காரர் எங்கோ இருக்கிறார், அவர் கனடாவில் இருந்தாலும் சாவியும் பொறுப்பும் யாரிடமோ இருக்கும். விசாரியுங்கள்.

தோட்டக் காணிகளின் வரம்பில் பறிக்க வேண்டாம். பச்சையைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வெங்காயம், புகையிலை, பீற்றூட் செய்யும் தறையில் களைநாசினியும் பூச்சிமருந்தும் அடிப்பார்கள், என்றைக்கு அடித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குப்பைக்கீரை போன்ற இலைகள் அந்த நைத்திரேற்றைத் தங்களுக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் எருக்கும்பியின் மேல் செழித்து நிற்கும் கீரையையும் விட்டுவிடுங்கள். வீதியோரம், கழிவு வாய்க்கால், குப்பை எரிக்கும் இடம் இவற்றைச் சொல்லத் தேவையில்லை.

மிதிவெடி. இதை மெதுவாக வாசியுங்கள். முகமாலைப் பக்கமும் நாகர்கோவில் பக்கமும் போர்முனை நின்ற இடங்கள். பல வருடங்களாக அகற்றும் வேலை நடந்திருக்கிறது. ஆனாலும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ கட்டிய நாடாவோ தெரிந்தால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்கக்கூடாது. பலகை இல்லாவிட்டாலும் ஆள் நடமாடாத பற்றைக்குள், பழைய மண் அணைகளுக்குப் பக்கத்தில், அந்த ஊர்க்காரர் போகாத இடத்தில் நீங்களும் போகாதீர்கள். மழைத் தண்ணீர் ஓடி மண் அரிந்தபின் புதைந்து கிடந்தது வெளியே வரும். ஒரு பிடி சாறணைக்காக ஒரு காலைக் கொடுக்க முடியாது.

சுண்டிக்குளம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் செடி பறிக்கச் சட்டம் இடம் தராது. அங்கே பறவை பார்க்கப் போகலாம்.

மூன்றாம் படி: ஒவ்வொரு இலையாக

முருங்கையும் அகத்தியும் எல்லோருக்கும் தெரியும், அவற்றைத் தாண்டிப் போகிறேன். மாரிக்குப் பிறகு முருங்கையில் மயிர்க்கொட்டி கூட்டமாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கொக்கத்தடியால் இழுக்குமுன் அண்ணாந்து தண்டைப் பார்க்க வேண்டும்.

குறிஞ்சா. வேலியில் மேலே ஏறிப் படரும் தடித்த கொடி. இலைகள் எதிர் எதிராக நிற்கும், அகலமாக, அடியில் கொஞ்சம் இதய வடிவாக, நுனி கூராக இருக்கும். பச்சை நிறச் சிறு பூக்கள் குஞ்சமாகத் தொங்கும். காய் இரட்டையாக வந்து, காய்ந்து வெடித்தால் பஞ்சோடு விதை பறக்கும். நுனியிலிருந்து மூன்றாவது நாலாவது இலை வரைதான் கறிக்கு நல்லது. கசப்பு உண்டு, அந்தக் கசப்புக்காகத்தான் அதைச் சாப்பிடுகிறோம். இதன் பெயரை ஒட்டிய சிறுகுறிஞ்சா வேறு செடி. அதன் இலை சிறியது, மென்றால் சிறிது நேரத்துக்கு நாக்கில் இனிப்பே தெரியாது. நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர்கள் சிறுகுறிஞ்சாவை வைத்தியரைக் கேட்காமல் சேர்க்கக்கூடாது. சீனி அளவு இறங்கிப் போகலாம். பால் வரும் கொடிகளில் நஞ்சானவையும் உண்டு. ஆகவே தெரிந்த ஒருவர் காட்டித் தராமல் குறிஞ்சாவென்று நினைத்து எதையும் பறிக்க வேண்டாம்.

முசுட்டை. பெரிய இதய வடிவ இலை. மேலே பச்சை, அடியில் பட்டுப் போன்ற வெள்ளை மயிர். வெள்ளைப் பூ இரவில் விரிந்து மணக்கும். வறைக்கும் கஞ்சிக்கும் நல்ல இலை. இதே மாதிரி அடிப்பக்கம் வெள்ளியாகவும் பூ ஊதாவாகவும் இருக்கிற கொடி வேறு. அதன் விதை மூளையைத் தாக்கும். பூ பார்க்கும் வரை முசுட்டை என்று முடிவு கட்டாதீர்கள்.

முசுமுசுக்கை. மாரியில் முளைத்து, தையில் வேலியெங்கும் மெல்லிய கொடியாக ஓடும். இலையின் இரு பக்கமும் சொரசொரப்பு, கையில் தேய்த்தால் அரத்தாள் மாதிரி இருக்கும். சின்ன மஞ்சள் பூ, உருண்டைக் காய், பழுத்தால் சிவப்பு. பனிக்காலத் தடிமலுக்கும் இருமலுக்கும் இதை அரிந்து கஞ்சியில் போடாத வீடு எங்கள் ஊரில் குறைவு. புதிதாகப் பழகுகிறவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான், ஏனென்றால் சொரசொரப்பைக் கை மறக்காது.

தூதுவளை. முள்ளுக்கொடி, வெட்டிவிட்ட மாதிரி விளிம்புள்ள இலை, ஊதாப் பூ, சிவப்புப் பழம். இலை நரம்பிலும் முள் இருக்கும். சமைக்குமுன் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும், பொறுமை வேண்டிய வேலை. தரையோடு படர்ந்து மஞ்சள் காய் காய்க்கும் கண்டங்கத்தரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பொன்னாங்காணிக்கும் வல்லாரைக்கும் ஈரம் வேண்டும். கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் நிற்கும். பொன்னாங்காணியில் இலைகள் எதிர் எதிராக, இலைக்கக்கத்தில் வெள்ளைப் பொத்தான் போலப் பூ. சவர்க்காரத் தண்ணீர் ஓடும் கிணற்றடியில் நிற்பதைக் கறிக்கு எடுக்காதீர்கள். ஒரு தண்டை எடுத்து நல்ல இடத்தில் நட்டு, அதிலிருந்து எடுங்கள்.

சாறணையும் தரைப்பசளியும். மழை விட்டதும் தோட்டத்தில் தானாகப் பரவும் சதைப்பற்றான தரைச்செடிகள். தரைப்பசளிக்குப் பூ மஞ்சள், இலை சிறிதாகக் கரண்டி வடிவில் இருக்கும். சாறணையின் இலை வட்டமாகவும் பெரிதாகவும் இருக்கும், பூ வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. இவற்றோடு கலந்து முளைக்கும் சித்திரப்பாலாடை போன்றவற்றை ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். சாறணையிலும் பசளியிலும் பால் வராது. ஒவ்வொரு தண்டையும் ஒடித்துப் பாருங்கள், இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். சாறணையைப் பூக்குமுன் நுனித்தளிராகக் கிள்ள வேண்டும். 2022 இல் எரிவாயுவுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற மாதங்களில் எங்கள் வளவில் நின்ற முற்றிய சாறணையை அவசரத்தில் வறைத்தேன். வீட்டில் எல்லோருக்கும் இரண்டு நாள் வயிற்றோட்டம். ஆச்சி சொன்னது எனக்குத் தெரிந்திருந்தும் அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. சிறுநீரகக் கல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த இரண்டையும் தவிர்ப்பது நல்லது. இவற்றில் கல் உருவாக உதவும் ஒட்சலேற்று அதிகம்.

முடக்கொத்தானுக்கு ஊதிய பை மாதிரிக் காய், உள்ளே கறுப்பு விதை, விதையில் வெள்ளை இதயக் குறி. அந்தக் குறியைப் பார்த்தால் சந்தேகமே இல்லை. இரசத்துக்கு நல்லது. கொவ்வையின் இளந்தளிர் வறைக்கு நல்லது. பிரண்டையைத் தொடுமுன் கையில் நல்லெண்ணெய் பூசி, நாரை உரித்து, புளியோடு நன்றாக வதக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும். கடற்கரைக் களியில் நிற்கும் உமரி உப்புக் கரிக்கும். இரண்டு முறை அவித்து வடித்தபின் உப்புப் போடாமல் சமையுங்கள்.

சண்டி இலையைக் காட்டு இலை என்று சொல்ல முடியாது, வளவு மரம்தான். ஆனால் இன்றைய பிள்ளைகளுக்கு அது காட்டு இலையைவிட அந்நியமாகிவிட்டது. வெளிர்பச்சையும் மஞ்சளும் கலந்த பெரிய மிருதுவான இலை. வாதத்துக்கு நல்லதென்று முதியவர்கள் விடாமல் சாப்பிட்டார்கள். மருந்துக் கணக்கு எப்படியோ, வறைக்கு இதைவிட ருசியான இலையை நான் சாப்பிட்டதில்லை.

நான்காம் படி: தொடக்கூடாதவை

சாப்பிடும் இலைகளைப் படிக்குமுன்னே இவற்றைப் படிக்கவேண்டும் என்றுகூடச் சொல்வேன். பிள்ளைகளுக்கு நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மஞ்சள் அலரி ஒவ்வொரு ஒழுங்கையிலும் கோயிலிலும் பூக்கிறது. அதன் விதை இதயத்தை நிறுத்திவிடும். எங்கள் நாட்டில் அந்த விதையால் போன உயிர்கள் கொஞ்சமல்ல. கார்த்திகைப் பூச்செடியின் கிழங்கு பார்வைக்கு வள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கும், சாப்பிட்டால் சாவு. மாரிக்குப் பிறகு கொடி காய்ந்து கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும் என்பதால், பாத்தி வெட்டும்போது பெயர் தெரியாத கிழங்கு வந்தால் சமைக்காதீர்கள். குன்றிமணி விதையைக் கடித்து உடைத்தால் கொடிய நஞ்சு. ஊமத்தை, ஆமணக்கு விதை, எருக்கலை மூன்றும் தெரிந்தவைதான். கடனீரேரி ஓரத்துக் கண்டலில் நிற்கும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வை பாதிக்கும். உமரி பறிக்கப் போகிறவர்கள் கவனம்.

பார்த்தீனியம் நஞ்சு என்பதைவிடத் தொல்லை. இந்திய இராணுவம் இங்கே இருந்த காலத்தில் அவர்களுக்குக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்று ஊரில் சொல்வார்கள். தோல் அரிப்பும் மூச்சு முட்டும் வரும். பூக்குமுன், கையுறை போட்டு, வேரோடு பிடுங்குங்கள்.

ஏதாவது தவறாகச் சாப்பிட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். சாப்பிட்ட செடியின் ஒரு தண்டைப் பையில் போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

ஐந்தாம் படி: பறிக்கும் விதம்

காலையில் பனி உலர்ந்தபின், வெயில் ஏறுமுன் போங்கள். ஒரு சின்னக் கத்தி அல்லது சத்தகம், கடகம், ஈரத்துணி போதும். பொலித்தீன் பையில் இலை புழுங்கிப் போகும்.

ஒரு கொடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் இரண்டு துளிர் வரும், கொடி செழிக்கும். வேரோடு இழுத்தால் அடுத்த மாரி வரை அந்த இடம் மொட்டை. வெவ்வேறு இலைகளைக் கடகத்தில் கலக்க வேண்டாம். கலந்தால் வீட்டில் தெரிவு செய்யும்போது ஒரு தவறான இலை தப்பிப் போகும்.

முதல் முறை சாப்பிடுகிற இலையென்றால் சமைத்து இரண்டு கரண்டி மட்டும் சாப்பிட்டு ஒரு நாள் பாருங்கள். அன்றைக்கு வேறு புது இலை எதுவும் வேண்டாம்.

ஆறாம் படி: குசினியில்

வறைக்கு இலையைக் கழுவி, தண்ணீர் வடிய விட்டு, நாலைந்து இலையாக அடுக்கிச் சுருட்டி, எவ்வளவு சன்னமாக அரிய முடியுமோ அவ்வளவு சன்னமாக அரியுங்கள். குறிஞ்சாவின் கசப்பு அடங்குவது இந்த அரிதலில்தான். மொத்தமாக வெட்டினால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். சட்டியில் கொஞ்சம் எண்ணெய், கடுகு, செத்தல் மிளகாய், அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். வெங்காயம் வதங்கியதும் இலை, மஞ்சள், உப்பு. மூடாமல் கிளறினால் பச்சை நிறம் மாறாது. ஐந்தாறு நிமிடத்தில் இலை சுருங்கும். அப்போது ஒரு கை நிறையத் தேங்காய்ப்பூ போட்டு ஒரு பிரட்டுப் பிரட்டி இறக்குங்கள். தேசிக்காய்ப் புளியை இறக்கியபின் விட வேண்டும். அடுப்பில் விட்டால் அதுவும் கசக்கும். சாறணைக்கு மட்டும் முதலில் தளிரை அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும்.

இலைக்கஞ்சிக்கு நாலு பேருக்கு அரைச் சுண்டு சிவப்புப் பச்சையரிசி போதும். ஒரு சுண்டுக்கு எட்டுச் சுண்டு என்ற கணக்கில் தண்ணீர் விட்டு, நாலு பல் உள்ளி, ஒரு சிட்டிகை வெந்தயம் சேர்த்து அரிசி குழையும் வரை அவிக்கவேண்டும். முசுமுசுக்கை, வல்லாரை, தூதுவளை, முசுட்டை என்று கிடைத்ததை அரைத்துப் பிழிந்த சாறோ, பொடியாக அரிந்ததோ கடைசியில் போகும். ஒரு கொதி வந்ததும் தேங்காயின் முதல் பால் விட்டு இறக்கலாம். பனங்கட்டி ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு குடித்தால் தைப் பனி தெரியாது.

ஏழாம் படி: பாத்தி

இலை தேடும் நாட்களிலேயே வளவில் பாத்தி போட்டுவிடவேண்டும், பிந்தினால் பங்குனி வெயில் நாற்றை எரித்துவிடும்.

அகலம் 3 அடி, நீளம் 10 அடி. இரு பக்கமிருந்தும் நடுவுக்குக் கை எட்டும், உள்ளே மிதிக்கத் தேவையில்லை. வலிகாமத்துச் செம்மண்ணில் ஒரு அடி வெட்டினாலே சில இடங்களில் அலவாங்கு கல்லில் முட்டும். அங்கே மண்ணை மேலே குவித்து உயர்த்துங்கள். வடமராட்சி, தென்மராட்சி மணலில் நேர்மாறு. பாத்தியைக் கொஞ்சம் பள்ளமாகப் போட்டால்தான் ஈரம் நிற்கும்.

உரத்துக்கு எங்கள் ஆட்கள் கண்ட வழி குழை தாழ்ப்பது. பூவரசு, சீமைக்கிளுவை, வேம்பு என்று கிடைத்த குழையை ஒரு அடி ஆழ வாய்க்காலில் போட்டு, மேலே ஆட்டெருவோ மாட்டெருவோ பரப்பி, மண்ணை மூடித் தண்ணீர் விட்டு மூன்று கிழமை விடுங்கள். பனையோலையும் தாழ்க்கலாம், உக்க நாள் எடுக்கும், ஆனால் மணல் தரையில் ஈரத்தை அது பிடித்து வைப்பது போல வேறெதுவும் பிடிக்காது. 2021 இல் அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது பலர் தவித்தார்கள். குழை தாழ்க்கும் பழக்கம் விடாத வளவுகளில் கத்தரி காய்த்துக்கொண்டிருந்தது.

குழை உக்கும் மூன்று கிழமையில் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகளைத் தனியே போடுங்கள். ஒரு மாதத்தில் பறித்து நடலாம். எறும்பு விதையைக் கொண்டுபோகாமல் நாற்றுமேடையைச் சுற்றிச் சாம்பல் தூவுங்கள். வெண்டியையும் பயற்றையையும் நேராகப் பாத்தியில் ஊன்றலாம். ஏழெட்டுக் கிழமையில் முதல் காய் வரும். கீரை விதையை நாலு பங்கு மணலோடு கலந்து தூவினால் நெருக்கமாக விழாது, நாலு கிழமையில் பிடுங்கலாம். பாகலுக்கும் புடலங்காய்க்கும் பந்தல் வேண்டும், அந்தப் பந்தலை வேலிப் பக்கமாகப் போட்டால் பின்னேர வெயிலைப் பாத்திக்குத் தடுக்கும்.

களையை உழவாரத்தால் செருக்கும்போது சாறணையையும் பொன்னாங்காணியையும் பார்த்துச் செருக்குங்கள். உங்கள் பாத்திக்குள் மருந்து படாமல் முளைத்த அவைதான் ஊரிலேயே மிகச் சுத்தமான இலைக்கறி.

தண்ணீர். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர், கடல் நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். மேலே ஒரு அடி இறைத்துக் குறைந்தால் கீழிருந்து உப்பு அதே கணக்கில் ஏறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பதை எல்லோரும் அறிவார்கள். மோட்டரைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்காதீர்கள். 10 அடிப் பாத்திக்குக் காலையில் இரண்டு வாளி போதும். வைக்கோலோ சருகோ பரப்பிவிட்டால் அந்த இரண்டும் மிச்சம் பிடிக்கும்.

கட்டாக்காலி மாடும் ஆடும் ஒரு இரவில் எல்லாவற்றையும் முடித்துவிடும். படலையைக் கட்டுங்கள்.

எட்டாம் படி: பனம்பாத்தி கிளறுவது

ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டை அடுக்கியிருந்தால் தையில் கிழங்கு தயார். ஒரு கொட்டையைக் கிளறிப் பாருங்கள். கிழங்கு கைவிரலைவிடத் தடித்து, நுனி கூர்ந்திருந்தால் எடுக்கலாம். பிந்தினால் நார் பற்றிவிடும். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த கசப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கூழுக்கு எடுக்க வேண்டும். எடுத்த பாத்தியின் மண் அப்போது பொலபொலவென்று இருக்கும், அதிலேயே கீரை விதையைத் தூவிவிடலாம்.

ஒன்பதாம் படி: வேலிக்குக் கொண்டுவருவது

பொன்னாங்காணியை இரண்டு மூன்று கணு உள்ள தண்டாக வெட்டி இப்போதே ஊன்றலாம். வல்லாரை ஓடுகொடியை வேரோடு ஒரு துண்டு எடுத்து, கிணற்றடிக்குப் பக்கத்தில் சவர்க்காரம் படாத நிழலில் வையுங்கள். சண்டிக் கொம்பும் முருங்கைக் கொம்பும் ஐப்பசி முதல் மழைக்குக் கதியாலாக நட்டால் சுகமாகப் பிடிக்கும். இப்போது நட்டால் தண்ணீர் ஊற்றியே களைப்பீர்கள். மதில்தான் இருக்கிறது என்றால் மதிலுக்கு ஒரு முழம் உள்ளே கதியால் நட்டுக் கம்பி இழுங்கள், பெயின்ற்றும் பழுதாகாது, கொடிக்கும் பிடிமானம் இருக்கும்.

குறிஞ்சாவையும் முசுட்டையையும் இந்தக் காலத்தில் கிள்ளிய தண்டிலிருந்து பையில் வேர்பிடிக்க வையுங்கள். மாமர நிழலில் வைத்து நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் தெளித்தால் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களையும் தாங்கும். ஐந்து தண்டு வைத்தால் இரண்டு பிடிக்கும்.

முசுமுசுக்கை விதையால்தான் வரும். பங்குனி கடைசியில் கொடி காயும்போது சிவந்த பழங்களைப் பறித்து நசுக்கி, விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் பிரட்டிச் சின்னப் போத்தலில் போட்டு, மூடியில் பெயரையும் பறித்த இடத்தையும் எழுதிக் குசினி மாடத்தில் வையுங்கள். ஐப்பசியில் முதல் மழை விழுந்து மண் மணக்கும் அன்றைக்கு வேலியடியில் விரலால் கீறித் தூவிவிடுங்கள்.